கோட்டைக்குக் கடல் வழி

ஊர்காவற்றுறைத் துறையடியில் வந்து இறங்குகிறவர்களின் கண் முதலில் கடற்கோட்டையில்தான் போய் நிற்கும். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே, தண்ணீருக்குள்ளிருந்தே எழும்பி வந்த மாதிரி ஒரு மதில். வரைபடங்களில் ஹமன்ஹீல் என்று போட்டிருக்கும். கரையில் நின்றபடி படம் எடுப்பார்கள். பிறகு, எங்கள் ஊரில் பாதை என்று சொல்கிற மிதவையில் ஏறி அக்கரைக்குப் போவார்கள். இல்லையென்றால் வந்த வழியே யாழ்ப்பாணம் திரும்பி அங்குள்ள பெரிய கோட்டையைச் சுற்றிப் பார்ப்பார்கள். இரண்டையும் பார்த்தாயிற்று என்ற நிறைவோடு அவர்கள் ஊர் திரும்புவதைக் காணும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. அந்த இரண்டு கோட்டைகளுக்கும் நடுவில் கிடக்கும் தண்ணீரை அவர்கள் பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் இந்தக் கோட்டைகள் ஏன் இந்த இடங்களில் நிற்கின்றன என்று ஒருவருக்கும் விளங்காது.

நான் தீவுப்பகுதியில் வள்ளம் ஓட்டுகிறவன். அப்பா பாய்வள்ளத்தில் தொழில் செய்தவர். நான் எஞ்சின் பூட்டிய பைபர் படகில் வலை போட்டு வளர்ந்தேன். போர் முடிந்து, தெற்கிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் சனம் வரத் தொடங்கிய பிறகுதான் வலையைக் கரையில் வைத்துவிட்டு ஆட்களை ஏற்றத் தொடங்கினேன். கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் பிள்ளைகளோடு வருகிற எங்கள் ஆட்கள், பல்கலைக்கழக மாணவர்கள், கொழும்பிலிருந்து வரும் கட்டடக் கலைஞர்கள், நெதர்லாந்திலிருந்து தங்கள் முன்னோர் கட்டியதைப் பார்க்க வருகிறவர்கள் என்று பல தரப்பட்டவர்கள் என் வள்ளத்தில் ஏறியிருக்கிறார்கள். கோட்டையைப் பற்றி அவர்களில் பலர் என்னைவிட அதிகம் படித்தவர்கள். அவர்கள் படித்ததைத் தண்ணீரில் பொருத்திக் காட்டுவதுதான் என் வேலை.

வள்ளம் பெரிதாக இருக்கக் கூடாது. இந்தத் தொழிலுக்கு வருகிற இளம் பெடியங்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான். நிழற்கூரை போட்டு, இருக்கை பூட்டி, இருபது பேரை ஏற்றுகிற படகு நயினாதீவுக்குப் போக நல்லது. கோட்டை பார்க்க அது உதவாது. பதினெட்டு, பத்தொன்பது அடிப் படகு, பதினைந்து குதிரைவலு எஞ்சின், அணியத்தில் ஒரு மரக்கோல், கூடவே ஒரு நீண்ட கயிறு. ஆறு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி உண்டு; நீந்தத் தெரிந்தவர்களுக்கும் விதிவிலக்கு இல்லை. எஞ்சினைத் தூக்கிவிட்டால் முழங்காலளவு தண்ணீரிலும் இந்தப் படகு போகும். யாழ்ப்பாணப் பரவைக்கடலில் முழங்காலளவுத் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை.

எங்கள் கடலின் கதை முழுக்க அந்த ஆழமின்மையில்தான் அடங்கியிருக்கிறது. வெளிக்கடலிலிருந்து யாழ்ப்பாணத்துக்குள் வருகிற ஒரு கப்பலை நினைத்துப் பாருங்கள். வடக்கே காரைநகர், தெற்கே ஊர்காவற்றுறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாய். அதற்குள் ஆழமான ஓடை ஒன்று இருக்கிறது. அந்த ஓடையை விட்டு விலகினால் மணல் மேடும் கல்லுப்பாரும்தான். கப்பல் ஊர்காவற்றுறை வரைக்கும் வரலாம். அதற்கு அப்பால் பரவைக்கடல் மெலிந்துகொண்டே போகும். பல இடங்களில் நெஞ்சளவுக்கு மேல் தண்ணீர் இராது. ஆகவே யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போகும் சாமான், ஆள், வெடிமருந்து எல்லாவற்றையும் இந்த வாயில் இறக்கிச் சிறிய தோணிகளில் ஏற்ற வேண்டியிருந்தது. வாயைப் பிடித்தவன் யாழ்ப்பாணத்தின் தொண்டையைப் பிடித்தவன். போர்த்துக்கேயர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். ஊர்காவற்றுறைக் கரையில் ஒரு கோட்டையையும், எதிரே தண்ணீருக்குள் இருந்த சிறு திட்டில் இன்னொன்றையும் எழுப்பினார்கள். இரண்டிலிருந்தும் சுடுகிற பீரங்கிக் குண்டுகள் ஓடையின் மேல் ஒன்றையொன்று வெட்டும்.

இதை வாயால் சொன்னால் தலையை ஆட்டுவார்கள். எனவே நான் வள்ளத்தை முதலில் வெளியே, கடல் பக்கமாகக் கொண்டுபோவேன். கோவளம் வெளிச்சவீடு ஒரு பக்கம் தெரியும் இடம் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி, உள்ளே வருகிற கப்பல்காரனாக அவர்களை உட்கார வைப்பேன். ஓடையின் மேலே போகும்போது தண்ணீர் கருநீலம். அணியத்தில் இருக்கிற பிள்ளையிடம் மரக்கோலைக் கொடுத்து, "குத்திப் பாருங்கோ பிள்ளை" என்பேன். கோல் முழுதும் இறங்கும், தரை தட்டாது. மெதுவாக வள்ளத்தைப் பக்கவாட்டில் ஒதுக்குவேன். நிறம் மாறும், பச்சை, பிறகு வெளிறிய மஞ்சள். "இப்ப குத்துங்கோ." கோல் பாதியில் நின்றுவிடும். அந்த இடத்தில் தலையை நிமிர்த்தினால் கடற்கோட்டையின் மதில் நேரே முகத்துக்கு முன்னால் இருக்கும். இந்தப் பக்கம் விலகினால் கப்பல் தரை தட்டும், விலகாவிட்டால் பீரங்கிக்கு முன்னால் போகும் என்பதை அதற்குப் பிறகு நான் சொல்லத் தேவையில்லை. ஒருமுறை பொறியியல் படிக்கிற ஒரு மாணவி கோலைப் பிடித்தபடியே, "அண்ணை, இவை மதிலைக் கட்டினது கொஞ்சம்தான். மிச்சத்தைக் கடல்தானே கட்டியிருக்கு" என்றாள். நான் இத்தனை காலம் சொல்ல முயன்றதை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள்.

தண்ணீரின் நிறத்தைப் படிக்க வெயில் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். கண்ணுக்கு நேரே சூரியன் அடித்தால் தண்ணீர் வெறும் தகடு. கல்லும் தெரியாது, மணலும் தெரியாது. உள்ளே வருவது கிழக்கு நோக்கிய பயணம் என்பதால் காலையில் சூரியன் முகத்தில் அடிக்கும். பிற்பகலில் வெளிச்சம் நல்லது. ஆனால் சோளகக் காலத்தில் பிற்பகல் காற்று வள்ளத்தைத் தூக்கி அடிக்கும். வைகாசி முதல் புரட்டாதி வரை வருகிறவர்களிடம் விடிய ஐந்தரைக்கு வாருங்கள் என்று சொல்லிவிடுவேன். நிறம் தெரியாத குறையைக் குறிகளால் ஈடுசெய்வேன்: வெளிச்சவீட்டை இன்ன மரத்தோடு சேர்த்துப் பிடி, ஊர்காவற்றுறைத் தேவாலயக் கோபுரத்தை மதிலின் இன்ன முனைக்கு நேரே பிடி என்று அப்பா காலத்திலிருந்து வருகிறவை. மாசி, பங்குனி, சித்திரை மாதங்கள்தான் இந்த வேலைக்கு அருமையான காலம். கடல் அசையாது கிடக்கும். அடியில் சாதாழை ஆடுவது மேலேயிருந்து தெரியும். ஐப்பசிக்குப் பிறகு வாடையும் மழையும். கார்த்திகை, மார்கழியில் நீர்மட்டம் ஏறி நிற்பதால் மேடுகளின் மேலாகவே போகலாம். ஆனால் தண்ணீர் கலங்கி, அடி ஒன்றும் தெரியாது.

கடற்கோட்டையை வள்ளத்தில் சுற்றி வரலாம். நாங்களாக இறங்க முடியாது. அது இப்போது கடற்படையின் பொறுப்பில் விடுதியாக நடக்கிறது. உள்ளே போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் காரைநகர்ப் பக்கம் போய் அவர்களுடைய படகில்தான் போக வேண்டும். போங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். வெளியேயிருந்து என்னோடு சுற்றியவர்கள் உள்ளே போனால், மதிலுக்கு மேல் நின்று ஓடையைத் தேடுவார்கள். வெறுமனே போகிறவர்கள் அறைகளைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

சுற்றி வரும்போது நான் பேச விரும்புவது தண்ணீரைப் பற்றித்தான். குடிதண்ணீரைப் பற்றி. நான்கு பக்கமும் கடல், நடுவில் கையளவு திட்டு, உள்ளே நிற்கிற ஆட்களுக்குக் குடிக்க என்ன வழி? மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைக்க வேண்டும், அல்லது கரையிலிருந்து தோணியில் கொண்டுவர வேண்டும். 1658 இல் ரைக்ளொஃப் ஃபான் கூன்ஸ் தலைமையில் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, பெரிய கோட்டையை ஒரு பக்கம் முற்றுகையிட்டபடியே இந்த வாயையும் அடைத்தார்கள். கடற்கோட்டையில் இருந்த போர்த்துக்கேயர் குடிதண்ணீர் இல்லாமல்தான் சரணடைந்தார்கள். கப்பலை மறிக்கிற கடலே உள்ளே இருந்தவர்களையும் மறித்தது. வாய் போன பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கடல் வழியாக உதவி வர வழியில்லை. அந்த ஆண்டு ஆனியில் யாழ்ப்பாணக் கோட்டையும் விழுந்தது. இலங்கையில் போர்த்துக்கேயர் கையில் கடைசியாக இருந்த கோட்டை அதுதான். அந்தப் படையோடு வந்த பாதிரியார் பிலிப்பஸ் பால்டேயஸ் பிறகு இந்த நாட்டைப் பற்றி எழுதிய பெரிய நூல் 1672 இல் அம்ஸ்ரடாமில் அச்சானது. எங்கள் தீவுகளைப் பற்றி அவர் எழுதியதை வாசித்துவிட்டு வருகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்கள், குறிப்பாக வயதானவர்கள், பூதத்தம்பியைக் கேட்பார்கள். இது பூதத்தம்பி கோட்டை என்றே ஊரில் பலரும் சொல்வார்கள். ஒல்லாந்தர் காலத்தில் உயர்ந்த பதவியில் இருந்த பூதத்தம்பியையும் அவன் மனைவி அழகவல்லியையும் பற்றிய கதை இங்கே கூத்தாக ஆடப்பட்டு வந்தது. அழகவல்லி மேல் ஆசை வைத்த அந்திராசி என்பவன், கோட்டை வேலைக்கு மரம் வேண்டும் என்று சொல்லி வெற்றுத்தாளில் பூதத்தம்பியிடம் கையெழுத்து வாங்கி, அதைத் துரோகக் கடிதமாக மாற்றி அவனைக் கொல்ல வைத்தான் என்பது கதை. கூத்தில் கேட்டதை அப்படியே வள்ளத்தில் பாடிக் காட்டிய ஒரு அம்மாவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பேரப்பிள்ளைகள் பிரெஞ்சில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள், பாட்டு முடியும் வரை வாய் திறக்கவில்லை. சரித்திரம் எது, கூத்து எது என்று நான் பிரித்துச் சொல்வேன். சொல்ல வேண்டியது என் கடமை. ஆனால் 1658 இல் ஒல்லாந்தருக்கு எதிராக ஒரு சதி நடந்ததும் அதில் பலர் கொல்லப்பட்டதும் சரித்திரம்தான். அந்தப் பயம் சனத்தின் மனதில் இவ்வளவு காலம் தங்குவதற்கு ஒரு கூத்து வேண்டியிருந்தது.

பிரித்தானியர் காலத்திலும் அதற்குப் பிறகும் கடற்கோட்டை சிறையாக இருந்தது. 1971 கிளர்ச்சிக்குப் பிறகு பிடிபட்டவர்களை அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். தெற்கிலிருந்து வருகிற சிங்களப் பயணிகள் பலர் இதற்காகவே வருவார்கள். சிலர் அந்த மதிலைப் பார்க்கும்போது குரல் தாழ்த்திக் கதைப்பார்கள். அவர்களிடம் நான் ஓடை, மேடு என்று தொடங்குவதில்லை. எஞ்சினைக் குறைத்துக்கொண்டு அவர்கள் கதைத்து முடியும் வரை சுற்றுவேன்.

எதிர்க்கரையில் ஊர்காவற்றுறைக் கோட்டை கிடக்கிறது. ஒல்லாந்தர் கடற்கோட்டையைத் திருத்தி வைத்துக்கொண்டார்கள், இதைக் கைவிட்டார்கள். இன்றைக்குச் சில சுவர்களும் செடிகளும்தான் மிச்சம். ஆனாலும் நான் இங்கேதான் ஆட்களை இறக்கி நடக்க விடுகிறேன். இங்கே பூச்சு முழுவதும் உதிர்ந்து கல் வெளியே தெரிகிறது. கல் என்றால் முருகைக்கல். கிட்டப்போய்ப் பார்த்தால் மூளை மடிப்பு மாதிரிக் கோடுகள், பூ மாதிரி வட்டங்கள். ஒரு காலத்தில் உயிரோடு கடலுக்கு அடியில் வளர்ந்தவை. சுட்டால் இதே கல்தான் சுண்ணாம்பு. கல்லும் கடல், சாந்தும் கடல். பிள்ளைகள் விரலால் அந்தக் கோடுகளைத் தடவிப் பார்ப்பார்கள். தடவட்டும், ஆனால் பேர்த்து எடுக்க விடமாட்டேன். இலங்கையில் கடலிலிருந்து முருகைக்கல் உடைத்தெடுப்பது சட்டவிரோதம், அது நல்ல சட்டம். அதனால் ஒரு கோட்டையைத் திருத்த வேண்டுமென்றால் இடிந்து கிடக்கும் கல்லைத்தான் மறுபடி அடுக்க வேண்டும். இங்கிருந்து ஒரு கல்லைக் கொண்டுபோய் வீட்டு அலுமாரியில் வைக்கிறவர், அந்த மதிலில் திரும்ப வைக்க முடியாத ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போகிறார். இதை நான் கோபப்படாமல் சொல்லப் பழகியிருக்கிறேன். கேட்டவர்கள் பையைத் திறந்து திரும்ப வைத்திருக்கிறார்கள்.

சீமெந்து பூசினால் சுவர் பாதுகாக்கப்படும் என்று நினைப்பவர்களும் உண்டு. முருகைக்கல் ஈரத்தை உறிஞ்சும், விடும். சுண்ணாம்புச் சாந்து அதற்கு இடம் கொடுக்கும். சீமெந்து அதை அடைத்துவிடும். உப்பு உள்ளேயே பூத்து, கல்லை மாவாக்கிவிடும். யாழ்ப்பாணக் கோட்டைத் திருத்த வேலையில் நின்ற மேசன்மாரோடு கதைத்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். உப்புக்கு அடுத்த எதிரி ஆலும் அரசும். காகம் போடுகிற ஒரு விதை மதில் வெடிப்பில் முளைத்தால், சில மழைக்குள் வேர் கைத்தடிப்பம் ஆகிவிடும். சின்னதாக இருக்கும்போதே வெட்டி, வேரைச் சாகடிக்க வேண்டும். அதை அந்தந்த வருடம் செய்ய ஆள் வேண்டும். பெரிய திருத்த வேலைக்குப் பணம் வரும் வரை காத்திருப்பதற்குள் மரம் மதிலைத் தின்றுவிடும்.

இங்கிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் பரவைக்கடலில் வள்ளத்தில் போகும் வழி ஒரு காலத்தில் சரக்குத் தோணிகளின் வழி. இன்று அதில் ஓடுவதற்குக் கண் நன்றாக இருக்க வேண்டும். களங்கண்டித் தடிகள், இறால் கூடுகள், இறங்குவலைகள், இந்தச் சில ஆண்டுகளில் பெருகிய கடலட்டைப் பண்ணை வேலிகள். அவை ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் சோறு. கோட்டை பார்க்க வந்தவர்களின் வள்ளம் ஒருவருடைய வலையை அறுத்துக்கொண்டு போகக் கூடாது. சுற்றிப் போனால் நேரம் கூடும், எண்ணெய் கூடும். அதைக் கணக்கில் வைத்தே கூலி பேச வேண்டும். வலைக்காரர்களோடு உறவு நன்றாக இருந்தால் மேடு எங்கே நகர்ந்திருக்கிறது என்பதை அவர்களே கை காட்டிச் சொல்வார்கள்.

பண்ணை வீதி குறுக்கே கிடப்பதால் யாழ்ப்பாணக் கோட்டையின் தென்பக்கத்தைப் பார்க்க நான் பெரும்பாலும் குருநகர்ப் பக்கமிருந்துதான் ஏற்றுவேன். கரையிலிருந்து வந்து வாசலால் நுழைகிறவர்கள் இந்தக் கோட்டையின் உயரமின்மையைப் பார்த்து ஏமாறுவதுண்டு. சினிமாவில் பார்த்த கோட்டை வானத்தை முட்டும். இது படுத்துக் கிடக்கிறது. தண்ணீரில் வைத்துக் காட்டினால் காரணம் தெரியும். பீரங்கி வந்த பிறகு உயர்ந்த சுவர் என்பது எதிரிக்கு நல்ல இலக்கு. தாழ்வாக, தடிப்பாக, மண் நிரப்பிக் கட்டினால் குண்டு புதைந்து போகும். போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் 1680 வாக்கில் ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள். ஐந்து முனையிலும் ஐந்து கொத்தளம். நான் வள்ளத்தைக் கரைக்குச் சமாந்தரமாக மெல்ல ஓட்டிக்கொண்டே, "ஒளிச்சு நிக்க ஒரு இடம் கண்டுபிடியுங்கோ" என்பேன். எந்தக் கொத்தளத்தின் முகத்துக்குக் கீழே போய் நின்றாலும் பக்கத்துக் கொத்தளத்தின் விலாவிலிருந்து பார்வை விழும். சின்னப் பிள்ளைகள் இந்த விளையாட்டை விடவே மாட்டார்கள். தரையில் நின்றால் இந்தக் கோணங்களை ஒருசேரப் பார்க்க முடியாது. தள்ளி நிற்க இடம் வேண்டும். தண்ணீர் அந்த இடத்தைத் தருகிறது.

வெளி அரண்கள் முழுமையாக முடிந்தது 1792 இல். மூன்று ஆண்டு கழித்து, 1795 இல், பிரித்தானியர் வந்தபோது ஒல்லாந்தர் சண்டையே இல்லாமல் ஒப்படைத்தார்கள். நூறு வருடத்துக்கு மேலாகச் செதுக்கிய கோட்டை ஐரோப்பியருக்கு எதிராக ஒரு குண்டும் சுடவில்லை. அதன் மேல் குண்டு விழுந்தது எங்கள் காலத்தில். 1706 இல் கட்டிய, சிலுவை வடிவத் தேவாலயம் 1990 முற்றுகைக் காலத்துச் சண்டையில் அழிந்தது. நகரத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஏதோ ஒன்று இருக்கிறது. போருக்குப் பிறகு நெதர்லாந்தின் உதவியோடு மதில்கள் பல இடங்களில் திரும்ப எழும்பியிருக்கின்றன. தண்ணீரிலிருந்து பார்த்தால் எது பழைய அடுக்கு, எது புதிய அடுக்கு என்று நிறத்திலேயே தெரியும். அப்படித் தெரிவதுதான் சரி என்பது என் எண்ணம். காயம் ஆறிய தழும்பை மறைத்துப் பூசிவிட்டால் நாளைக்கு வருகிற பிள்ளைக்கு யார் சொல்வது?

பரவைக்கடலின் தென்கரையில் பூநகரிக் கோட்டை. போர்த்துக்கேயர் தொடங்கிய சிறிய சதுரக் கோட்டை. எதிரெதிர் மூலையில் இரண்டு கொத்தளம் மட்டும். ஐங்கோணத்தைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால், குறைந்த செலவில் நான்கு பக்கத்தையும் காவல் செய்ய என்ன வழி என்று யோசித்த ஒருவரின் கணக்கு தெரியும். சங்குப்பிட்டிப் பாலம் 2011 இல் திறந்த பிறகு எல்லோரும் வாகனத்தில்தான் போகிறார்கள். வள்ளத்தில் போக ஆழம் மிகக் குறைவு, எஞ்சினை விட மரக்கோலுக்குத்தான் வேலை. ஆனாலும் பூநாரைகள் வரும் காலத்தில் கேட்டால் மறுக்க மாட்டேன். இந்தக் கரையைப் பார்த்தால் யானைக் கதை சொல்ல வேண்டும். வன்னியில் பிடித்த யானைகளைக் கிழக்கே ஆனையிறவில் மெலிந்த தண்ணீர் வழியாக நடத்திக் குடாநாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒல்லாந்தர் அவற்றை யாழ்ப்பாணத்தில் விற்றார்கள். இந்தியாவிலிருந்து, கோல்கொண்டாவிலிருந்துகூட, வணிகர்கள் வாங்க வந்தார்கள். யானைகள் கப்பலேறியது ஊர்காவற்றுறையில். ஒரு முனையில் யானை நடந்து கடக்கிற அளவு மெலிந்த தண்ணீர், மறுமுனையில் யானையை ஏற்றுகிற கப்பல் நிற்கிற அளவு ஆழம். இடையில் கோட்டைகள். ஒல்லாந்தர் கொம்பனி இவ்வளவு கல்லையும் சுண்ணாம்பையும் எதற்காகக் கொட்டியது என்று கேட்பவர்களுக்கு, அந்தப் பதிலில் யானைக்கு ஒரு பெரிய பங்கு உண்டு.

இன்னொரு கோட்டை உள்ள நெடுந்தீவு வேறு கடல். குறிகட்டுவான் துறையிலிருந்து வெளியே வந்ததும் அலையின் நீளம் மாறும். சோளகத்தில் என் சின்ன வள்ளத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அங்கே போக மாட்டேன், எவ்வளவு கூலி தந்தாலும் சரி. அந்த மாதங்களில் வடதாரகை என்ற பயணிகள் படகில் போகச் சொல்லிவிடுவேன். இந்தக் கடலைக் கடக்கும்போது வயதானவர்கள் குமுதினிப் படகைப் பற்றிக் கதைப்பார்கள். 1985 மே 15 அன்று அந்தப் படகில் போன பயணிகள் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். தீவில் அந்தப் பெயரைக் கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார். கோட்டை பார்க்க வந்தவர்களுக்கு இதை ஏன் சொல்ல வேண்டும் என்று ஒரு வழிகாட்டி என்னிடம் கேட்டார். இந்தக் கடல் வழியைப் பற்றிச் சொல்வதற்குத்தான் அவர்களை ஏற்றியிருக்கிறேன். நூற்றாண்டுகளுக்கு முன் செத்தவர்களைச் சொல்லிவிட்டு, எங்கள் கண்ணுக்கு முன் செத்தவர்களை விட்டுவிட என்னால் முடியாது.

நெடுந்தீவுக் கோட்டை வைத்தியசாலைக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு தட்டுச் சுவர், கூரை இல்லை. அதைவிட என்னை எப்போதும் நிறுத்துவது, அங்கே போகிற வழியெல்லாம் உள்ள முருகைக்கல் வேலிகள். சாந்து இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கி, காற்று ஊடே போக இடைவெளி விட்டு, இடுப்பளவு உயரத்தில் தீவு முழுக்க ஓடுகின்றன. கோட்டையில் இருப்பதும் அதே கல். வேலி அடுக்குகிற கை இன்றைக்கும் தீவில் இருக்கிறது. காற்றில் சரிந்தால் வீட்டுக்காரர் அடுத்த நாளே திரும்ப அடுக்கிவிடுகிறார். கோட்டைச் சுவர் சரிந்தால் சரிந்தபடி கிடக்கிறது. தொல்லியல் இடத்தில் கை வைக்க முறை இருக்கிறது, அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கைகளுக்கு முறையான பயிற்சி கொடுத்து, மேற்பார்வையோடு ஆண்டுதோறும் சிறு சிறு திருத்தங்களைச் செய்ய விட்டால் எவ்வளவோ சுவர் நிற்கும். பயணிகளில் யாராவது இந்தத் துறையில் இருப்பவர்கள் என்று தெரிந்தால் அவர்களை அந்த வேலிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

2022 இல் எரிபொருள் கிடைக்காமல் நாடு வரிசையில் நின்றபோது என் எஞ்சினும் நின்றது. கேட்டு வந்தவர்களை மரக்கோல் தாங்கி, தண்டு வலித்துக் கடற்கோட்டை வரைக்கும் கொண்டுபோய் வந்தேன். மெதுவாகப் போனதில் ஒரு நன்மை இருந்தது. நீரோட்டம் வள்ளத்தைத் தள்ளுவதை ஏறியிருந்தவர்களே தங்கள் உடம்பில் உணர்ந்தார்கள். வற்றும்போது ஓடையில் நீர் வெளிநோக்கி இழுக்கும். பெருகும்போது உள்ளே தள்ளும். எங்கள் பக்கம் ஏற்ற இறக்கம் சிறிதுதான், ஆனால் ஒடுக்கமான வாயில் அந்தச் சிறிதே கையை வலிக்க வைக்கும். பாயை மட்டும் நம்பி வந்த கப்பல் காற்றையும் நீரையும் பார்த்து வாய்க்கு வெளியே காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். காத்திருக்கிற கப்பலை மதிலில் நிற்கிறவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்திருப்பான். இப்போது எண்ணெய் கிடைத்தாலும், காற்று இல்லாத காலையில், உடம்பு ஒத்துழைப்பவர்கள் வந்தால், கடைசித் துண்டை எஞ்சின் இல்லாமல்தான் போகிறேன்.

என்னோடு இப்போது ஒரு பெடியன் வருகிறான். குறிகளை எல்லாம் கைபேசியில் புள்ளிகளாகப் பதிந்து வைத்திருக்கிறான். எனக்கும் அது பெரிய உதவி. ஆனால் ஒவ்வொரு வாடைக்குப் பிறகும் மணல் மேடு நகர்கிறது, கைபேசியில் உள்ள புள்ளி நகர்வதில்லை. ஆகவே மாசி பிறந்ததும், முதல் ஆட்களை ஏற்றுவதற்கு முன், வெறும் வள்ளத்தோடு வாயிலிருந்து ஊர்காவற்றுறைத் துறை வரைக்கும் கோலால் குத்தி அளந்துகொண்டு வருகிறோம். அவன் குத்துவான், நான் நிறத்தைச் சொல்வேன், பிறகு மாற்றிக்கொள்வோம். இந்த முறை கடற்கோட்டையின் கிழக்குப் பக்கத்து மேடு ஓடைக்குள் கொஞ்சம் நீண்டிருக்கிறது. பழைய குறியில் வந்தால் எஞ்சின் தட்டும். புதுக் குறிக்குத் தேவாலயக் கோபுரத்தைப் பிடிப்பதா, துறையடி விளக்குக் கம்பத்தைப் பிடிப்பதா என்று இருவருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. சோளகம் எழும்புவதற்குள் இரண்டையும் ஓடிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.